கிறைஸ்ட்சர்ச்: மண் திரவமாதல் அபாயம் வரைபடமான விதமும் அது பிசகிய இடங்களும்

2011 பிப்ரவரி 22, பகல் 12.51. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 10 கி.மீ. தள்ளி, 5 கி.மீ. ஆழம் மட்டுமே கொண்ட 6.2 அளவு நிலநடுக்கம். 185 பேர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டடங்கள் சரிந்ததால் இறந்தவர்கள். ஆனால் நகரத்தின் கிழக்கில் பல பகுதிகளை வாழ முடியாததாக்கியது கட்டடங்களுக்கு அடியில் இருந்த மண். 50,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பு மனைகளில் தரை திரவமானதன் அடையாளம் தெரிந்தது. தெருக்களிலும் தோட்டங்களிலும் வீட்டுத் தரைகளின் விரிசல்களிலும் சாம்பல் நிற மணலும் வண்டலும் தண்ணீரோடு பீறிட்டு வந்தன. இந்த நிலநடுக்கத் தொடர் முழுவதிலும் அள்ளி அகற்றப்பட்ட மணல் 5 லட்சம் டன்னுக்கு மேல்.

தொடர் என்று சொல்லக் காரணம் உண்டு. 2010 செப்டம்பர் 4 அன்று 7.1, 2011 பிப்ரவரி 22 அன்று 6.2, அதே ஆண்டு ஜூன் 13, டிசம்பர் 23 ஆகிய நாள்களில் ஏறக்குறைய 6 அளவில் என்று ஒரே நகரம் திரும்பத் திரும்பக் குலுங்கியது. மண் திரவமாதலை ஆராய்பவர்களுக்கு இப்படியொரு சோதனைக்களம் அதற்குமுன் கிடைத்ததில்லை. ஒரே மண், வெவ்வேறு குலுக்கல்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் தெருத்தெருவாகப் பதிவான சேதம், 15,000-க்கும் மேற்பட்ட கூம்பு ஊடுருவல் சோதனைகள் (எஃகுக் கூம்பைத் தரைக்குள் அழுத்தி மண்ணின் வலுவை அளப்பவை) எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. அபாய வரைபடம் சொன்னதையும் தரை செய்ததையும் மனைக்கு மனை ஒப்பிட முடிந்தது. வரைபடம் எங்கே சரியாக இருந்தது என்பதைவிட, எங்கே எந்தக் காரணத்தால் பிசகியது என்பதே அடுத்த நகரத்துக்குப் பயன்படும். இந்த ஆய்வு அதற்கே அதிக இடம் தருகிறது.

தரை எப்படிப்பட்டது

கிறைஸ்ட்சர்ச் நிற்பது கான்டர்பரி சமவெளியின் கிழக்கு விளிம்பில். மேற்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளை. கிழக்கே கடற்கரை மணல், மணல்மேடு, கழிமுகச் சேறு, பழைய சதுப்பு. சுமார் 6500 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைவிடப் பல கிலோமீட்டர் உள்ளே இருந்தது. அது பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலின் மேல்தான் கிழக்குப் புறநகர்கள் எழுந்தன. அதற்கும் கீழே ரிக்கார்ட்டன் சரளை எனப்படும் நீர்தாங்கிப் படுகை. அதிலுள்ள நீர் மேல்நோக்கிய அழுத்தத்தோடு இருக்கும்.

மண் திரவமாவதற்கு மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும்: தளர்வான, ஒட்டுந்தன்மை இல்லாத மணல் அல்லது வண்டல், அதன் துளைகள் முழுக்க நீர், போதுமான குலுக்கல். குலுக்கும்போது தளர்மணல் சுருங்கப் பார்க்கும். நீர் உடனே வெளியேற முடியாததால் துளைநீரழுத்தம் ஏறும். துகளுக்குத் துகள் தாங்கிக்கொண்டிருந்த தகைவு (பரப்பலகுக்கான விசை) அந்த அளவுக்குக் குறையும். அது பூச்சியத்தை நெருங்கும்போது மண் வலுவிழந்து கூழாகிறது. ஏவான் ஆற்றின் வளைவுகளில் அமைந்த ஏவான்சைடு, டாலிங்டன், பெக்ஸ்லி போன்ற பகுதிகளில் முதல் இரண்டு நிபந்தனைகளும் எப்போதும் தயாராகவே இருந்தன. நிலத்தடி நீர் 1 முதல் 2 மீட்டரிலேயே கிடைக்கும். மணல் இளையது, தளர்வானது.

இது முன்பே தெரியாத விஷயமும் அல்ல. நிலநடுக்கங்களுக்குப் பல ஆண்டுகள் முன்னரே வட்டார நிர்வாகம் வெளியிட்ட அபாய வரைபடம் கிழக்குப் பகுதிகளைச் சுட்டிக்காட்டியிருந்தது. ஆனால் 'இங்கே திரவமாகலாம்' என்று நிறம் பூசுவது ஒன்று, 'இந்தக் குலுக்கலில் இந்த வீட்டின் அஸ்திவாரம் இத்தனை மி.மீ. சாயும்' என்று சொல்வது வேறொன்று. மனை வாங்குபவருக்கும் அனுமதி தரும் அதிகாரிக்கும் இரண்டாவதுதான் தேவை.

முதல் வரைபடம் நடந்து எடுத்தது

ஒவ்வொரு பெரிய குலுக்கலுக்குப் பிறகும் பொறியாளர் குழுக்கள் தெருத்தெருவாக நடந்து மனை வாரியாகத் தரைச் சேதத்தைப் பதிவு செய்தன. சேதம் இல்லை, மணல் வராத சிறு விரிசல், சிறிதளவு முதல் மிதமான மணல், ஏராளமான மணல், மிதமான பக்கவாட்டு நகர்வு, கடுமையான பக்கவாட்டு நகர்வு என்று படிநிலைகள். கூடவே வான்வழிப் படங்களும், விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளக்கும் லைடார் அளவீடும்.

இந்தப் பதிவுக்கு ஆயுள் மிகக் குறைவு. மணலை மக்கள் ஓரிரு நாளிலேயே அள்ளத் தொடங்கிவிடுவார்கள். மழை பெய்தால் தடம் அழியும். முதல் வாரத்தில் எடுக்காத பதிவை எத்தனை பணம் செலவழித்தாலும் பிறகு எடுக்க முடியாது. நிலநடுக்க வாய்ப்புள்ள எந்த நகரமும் படிவம், படிநிலை வரையறை, ஒவ்வொரு படிநிலைக்கும் மாதிரிப் படம், குழுக்களின் பகுதிப் பிரிவு ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். வரையறை எழுதப்படாமல் போனால் ஒரு குழுவின் 'மிதமான' அடுத்த குழுவின் 'கடுமையான' ஆகிவிடும். அந்தக் குளறுபடி பிறகு எல்லாக் கணக்கிலும் ஊறிப்போகும்.

லைடாரிலும் கவனம் வேண்டும். 2003-இல் எடுத்த பழைய அளவீட்டோடு புதியதைக் கழித்துத் தரை இறக்கம் கணக்கிடப்பட்டது. ஆனால் உயர அளவீட்டில் சுமார் 10 செ.மீ. பிழை சாதாரணம். இரண்டு அளவீடுகளைக் கழிக்கும்போது பிழை இன்னும் கூடும். அதோடு, பூமியின் தட்டு அசைவால் பகுதி முழுவதும் ஏறியதோ இறங்கியதோ இதில் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதையே மண் திரவமானதால் வந்த இறக்கம் என்று கொள்ளலாம்.

கூம்பை இறக்குதல்

நகர அளவிலான மதிப்பீட்டின் முதுகெலும்பு சிபிடி எனப்படும் கூம்பு ஊடுருவல் சோதனை. 10 அல்லது 15 சதுர செ.மீ. குறுக்குப்பரப்பும் 60 பாகை முனையும் கொண்ட எஃகுக் கூம்பை நொடிக்கு 2 செ.மீ. என்ற மாறா வேகத்தில் தரைக்குள் அழுத்துகிறார்கள். முனைத் தடை, பக்கவாட்டு உராய்வு, கூம்புக்குச் சற்று மேலே துளைநீரழுத்தம் மூன்றும் 1 அல்லது 2 செ.மீ.க்கு ஒருமுறை பதிவாகும். ஆழ்துளை இட்டு, குழாயை இறக்கச் சுத்தியலால் எத்தனை அடி வேண்டியிருந்தது என்று 1.5 மீட்டருக்கு ஒருமுறை எண்ணும் எஸ்பிடி சோதனையில் தப்பிவிடும் மெல்லிய மணல் அடுக்குகள் இதில் அகப்படும். திரவமாதல் அபாயம் அந்த மெல்லிய அடுக்குகளில்தான் அடிக்கடி ஒளிந்திருக்கிறது.

நடைமுறையில் பிசகுவது எங்கெங்கே? முதல் 1 முதல் 1.5 மீட்டரில் குடிநீர்க் குழாயோ மின்வடமோ இருக்கலாம் என்பதால் கையாலோ உறிஞ்சு வண்டியாலோ தோண்டிவிடுவார்கள். அந்தப் பகுதியின் தரவு போய்விடுகிறது. திரவமாகாத மேல்மண்ணான மேலோட்டின் தடிமன் சேதத்தைத் தீர்மானிப்பதால், தோண்டியபோது கண்ட மண்ணை எழுதிவைப்பது கட்டாயம். நீரழுத்த வடிகட்டியைக் கிளிசரினிலோ சிலிக்கான் எண்ணெயிலோ காற்றில்லாமல் நிறைத்திருக்க வேண்டும். காய்ந்த மேல்மண்ணைக் கடக்கும்போது அதில் காற்றுப் புகுந்தால் அடுத்த சில மீட்டருக்கு வரும் நீரழுத்த அளவீடு மந்தமாக இருக்கும், நம்ப முடியாது. சோதனைக்கு முன்னும் பின்னும் பூச்சிய அளவீட்டை ஒப்பிடாத அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம். தளர்மணலில் முனைத் தடை 2 அல்லது 3 மெகாபாஸ்கல்தான் இருக்கும், அங்கே சிறு விலகலும் முடிவை மாற்றும்.

இன்னொன்று, சரளையில் கூம்பு நின்றுவிடுவது. நகரின் மேற்கில் 2, 3 மீட்டரிலேயே நின்ற சோதனைகள் உண்டு. நின்ற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. வரைபடத்தில் அதைப் 'பாதுகாப்பானது' என்று நிரப்பக் கூடாது, 'தரவு இல்லை' என்றே குறிக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆழ்துளை இட்டு, சரளை எத்தனை மீட்டர் தடிமன், அதற்கடியில் மீண்டும் மணலா என்று பார்ப்பதே முறை.

ஒரே ஒரு அடுக்கில் கணக்கு

கணக்கின் சாரம் எளிது. குலுக்கல் மண்ணின் மேல் முன்னும் பின்னுமாக மாறிமாறிச் சுமத்தும் சுழல் தகைவு விகிதத்தையும், அந்த மண் தாங்கக்கூடிய சுழல் எதிர்ப்பு விகிதத்தையும் ஒப்பிடுவதுதான். எதிர்ப்பைச் சுமத்தலால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி. 1-க்குக் கீழே போனால் அந்த அடுக்கு திரவமாகும் என்று கொள்கிறோம்.

4 மீட்டர் ஆழத்தில் சுத்தமான மணல், முனைத் தடை 5 மெகாபாஸ்கல், நீர்மட்டம் 1 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்துக்கு மேல் மண்ணின் எடை கனமீட்டருக்கு 17 கிலோநியூட்டன், கீழே 18.5. மொத்தச் செங்குத்துத் தகைவு 72.5 கிலோபாஸ்கல். நீரழுத்தம் 29.4. துகள்கள் தாங்குவது மீதி 43.1. கிறைஸ்ட்சர்ச்சுக்கு வகுத்த வழிகாட்டுதலில் சராசரியாக 25 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் குலுக்கலுக்குத் தரையின் உச்ச முடுக்கம் 0.13 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), 500 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் குலுக்கலுக்கு 0.35 ஜி, இரண்டும் 7.5 அளவு நிலநடுக்கத்துக்கு இணையாக்கியவை. சுமத்தல் என்பது 0.65, முடுக்கம், மொத்தத் தகைவுக்கும் துகள் தகைவுக்கும் உள்ள விகிதம், ஆழக் குறைப்புக் காரணி 0.97 ஆகிய நான்கின் பெருக்கல். சிறிய குலுக்கலில் 0.14, பெரியதில் 0.37 வருகிறது.

எதிர்ப்புக்கு 2014-இல் போலாங்கரும் இட்ரிஸும் வெளியிட்ட தொடர்பைப் பயன்படுத்தினால், முனைத் தடையைத் தகைவுக்கு ஏற்பச் சரிசெய்தபின் சுமார் 79 என்ற அலகில்லா எண் வருகிறது. அதற்குரிய எதிர்ப்பு ஏறக்குறைய 0.12. பாதுகாப்புக் காரணி சிறிய குலுக்கலில் 0.9, பெரியதில் 0.33. அதே அடுக்கில் முனைத் தடை 10 மெகாபாஸ்கல் என்றால் எதிர்ப்பு 0.26-ஐ நெருங்கும். சிறிய குலுக்கலைத் தாராளமாகத் தாங்கும், பெரியதில் 0.7-க்கு இறங்கித் தோற்கும். ஆகவே 'இந்த மனை திரவமாகுமா' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தக் குலுக்கலில் என்று சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டு குலுக்கல்களுக்கும் தனித்தனி வரைபடம் தராத நகரம் தன் மக்களுக்குப் பாதிச் செய்தியைத்தான் தருகிறது.

வண்டலும் களியும் கலந்த மண்ணில் இன்னொரு படி உண்டு. முனைத் தடையையும் உராய்வையும் இணைத்து மண்வகைக் குறியீட்டெண் ஒன்று கணக்கிடுவார்கள். அது 2.6-ஐத் தாண்டினால் களிபோல் நடந்துகொள்ளும் மண், திரவமாகாது என்று விலக்குவது வழக்கம். இந்த 2.6 ஒரு வசதிக்கான எல்லைக்கோடு மட்டுமே. 2.4 முதல் 2.8 வரை உள்ள அடுக்குகளில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் நுண்துகள் அளவும், மண் எவ்வளவு களித்தன்மை உடையது என்று காட்டும் நெகிழ்வெண்ணும் பார்க்காமல் நகரம் முழுவதற்கும் அதே எல்லையை ஓட்டினால், சில பகுதிகள் வீணாகச் சிவப்பாகும், சில பகுதிகள் தவறாகப் பச்சையாகும்.

நீர்மட்டம்: அதிகம் கண்டுகொள்ளப்படாத எண்

மேலே போட்ட அதே கணக்கில் நீர்மட்டத்தை மட்டும் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு இறக்கிப் பாருங்கள். சிறிய குலுக்கலுக்கான காரணி 0.9-இலிருந்து 1.02 ஆகிறது. ஒரே மண், ஒரே கூம்பு, ஆனால் முடிவு தலைகீழ். கூடவே திரவமாகாத மேலோடும் 1 மீட்டர் தடிக்கிறது. இத்தனை செல்வாக்குள்ள எண்ணைப் பல அறிக்கைகள் சோதனை நடந்த அன்று துளையில் தெரிந்த ஒற்றை அளவிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சிபிடி துளையில் அன்று தெரியும் நீர் பெரும்பாலும் நிலைபெற்ற மட்டமே அல்ல.

கிறைஸ்ட்சர்ச்சில் இதற்காகவே ஆயிரத்துக்கு நெருக்கமான ஆழமற்ற கண்காணிப்புக் குழாய்கள் இறக்கப்பட்டன. அவற்றின் தொடர் அளவீட்டிலிருந்து இடைநிலை நீர்மட்டப் பரப்பும், ஈரமான காலத்துக்கான உயர் மட்டமும் நகரம் முழுவதற்கும் வரையப்பட்டன. குழாய்க்கு வடிகட்டிப் பகுதி ஆழமற்ற மணலில் இருக்க வேண்டும். கீழுள்ள அழுத்தநீர்ப் படுகையைத் தொட்டுவிட்டால் வேறொரு நீரின் கதையை அது சொல்லும். கடலோர நகரத்தில் அலையேற்றமும் மழைக்காலமும் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது ஓர் ஆண்டு முழுக்கப் பதிவு வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இங்கே வெளிப்பட்டது. தரை இறங்கியது, நீர்மட்டம் ஏறக்குறைய அங்கேயே நின்றது. நிலநடுக்கத்துக்குப் பிறகு நீர் தரைக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. மேலோடு மெலிந்ததால் அடுத்த குலுக்கலுக்கு அந்த மனைகள் முன்னைவிடப் பலவீனமாயின. அதனால்தான் நியூசிலாந்தின் நிலநடுக்கக் காப்பீட்டு அமைப்பு 'கூடுதல் திரவமாதல் பாதிப்பு' என்ற ஒன்றையும், தாழ்ந்துபோன தரைக்குக் 'கூடுதல் வெள்ளப் பாதிப்பு' என்ற ஒன்றையும் தனித்தனிச் சேதமாகவே அங்கீகரிக்க வேண்டிவந்தது.

அடுக்குகளிலிருந்து ஒரே எண்ணுக்கு

ஒவ்வொரு சோதனையிலும் நூற்றுக்கணக்கான ஆழங்களில் காரணி கிடைக்கும். வரைபடத்துக்கு ஒரு மனைக்கு ஓர் எண் வேண்டும். ஜப்பானில் இவாசாகி 1978-இல் முன்வைத்த திரவமாதல் சாத்தியக் குறியீடு 20 மீட்டர் வரை உள்ள அடுக்குகளைக் கூட்டி, மேலே உள்ளவற்றுக்கு அதிக எடை தருகிறது. கிறைஸ்ட்சர்ச் தரவை வைத்து உருவான திரவமாதல் கடுமை எண், ஒவ்வொரு அடுக்கின் கனஅளவுச் சுருக்கத்தை அதன் ஆழத்தால் வகுத்து, கூட்டி, ஆயிரத்தால் பெருக்குகிறது.

ஆழத்தால் வகுப்பது ஏன் அவசியம்? 1 மீட்டர் தடிமனுள்ள மணல் 3 சதவீதம் சுருங்குகிறது என்று கொள்வோம். அது 1.5 முதல் 2.5 மீட்டர் ஆழத்தில் இருந்தாலும் 8 முதல் 9 மீட்டரில் இருந்தாலும் தரை இறக்கம் அதே 30 மி.மீ.தான். ஆனால் கடுமை எண் முதல் நிலையில் 15, இரண்டாவதில் 3.5. வெறும் இறக்கக் கணக்கு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். வீட்டுக்காரருக்கோ முதலாவதில் முற்றமெல்லாம் மணல், சாய்ந்த சுவர். இரண்டாவதில் கண்ணுக்குத் தெரியாத சமச்சீரான இறக்கம். கிழக்குப் புறநகர்களில் நடந்த சேதத்தோடு ஒப்பிட்டதில், 10-க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் தெரியவில்லை, 20-ஐத் தாண்டும்போது மிதமான சேதம், 40-க்கு மேல் பெருஞ்சேதம் என்ற போக்கு கிடைத்தது. போக்கு என்றே சொல்ல வேண்டும். எண் 25 உள்ள மனைகளிலும் சேதமே இல்லாதவை கணிசமாக உண்டு.

சோதனைப் புள்ளிகளுக்கு இடையே நிறம் நிரப்பும் கட்டத்தில் அவசரம் காட்டுவது பெரிய தவறு. கணினி மென்பொருள் எந்த இரண்டு புள்ளிக்கும் இடையே வழவழப்பான நிறம் பூசித் தரும். ஆனால் பழைய ஆற்றுப்படுகை கத்தியால் வெட்டியதுபோல் 10 மீட்டருக்குள் மாறும். முதலில் மண் தோன்றிய விதத்தை வைத்து நிலவியல் அலகுகளைப் பிரித்து, 19-ஆம் நூற்றாண்டு நில அளவைப் படங்களில் உள்ள சதுப்பையும் தூர்ந்த வாய்க்காலையும் மேலே வைத்து, ஒவ்வொரு அலகுக்குள்ளே மட்டும் எண்களைப் பரப்ப வேண்டும்.

கணக்கு பிசகிய இடங்கள்

நகரின் தென்மேற்கிலும் வேறு சில பகுதிகளிலும் கணக்கு கடுமையான சேதத்தைச் சொன்னது. 2010-இலும் 2011-இலும் தரையில் ஒரு பிடி மணல்கூட வரவில்லை. இத்தகைய முரண்களை ஆராய, கான்டர்பரி பல்கலைக்கழகத்தின் மிஷா குப்ரினோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 55 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். பல இடங்களில் கவலைக்குரிய அடுக்கின் முனைத் தடை, சேதமான இடத்திலும் சேதமாகாத இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் அடுக்குகள் ஒன்றோடொன்று அமைந்த விதத்தில் இருந்தது.

மணல் வெளியே கொட்டிய இடங்களில் ஆழமற்ற மட்டத்திலிருந்து கீழே வரை தொடர்ச்சியான மணல். கீழே எழும் நீரழுத்தம் தடையின்றி மேலேறி, மேலடுக்கை மேலும் கலக்கி, மேலோட்டை உடைத்து வெளியேறுகிறது. சேதமாகாத இடங்களில் மணலும் வண்டலும் களியும் மாறிமாறி மெல்லிய அடுக்குகள். இடையிலுள்ள வண்டல் நீரை மேலே விடுவதில்லை. ஆழத்தில் ஓர் அடுக்கு முதலில் தளர்ந்தால், அதற்கு மேலே போகும் குலுக்கலே குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டும் முறைக்கு இந்த ஊடாட்டம் தெரியாது.

மெல்லிய அடுக்கில் கூம்பின் அளவீடும் பிசகும். 10 சதுர செ.மீ. கூம்பின் விட்டம் 36 மி.மீ. ஆனால் அது தன் விட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தூரத்திலுள்ள மண்ணை 'உணர்கிறது'. மென்களிக்கு நடுவே 20 செ.மீ. மணல் இருந்தால் அதன் உண்மையான தடை ஒருபோதும் பதிவாகாது, குறைவாகவே தெரியும். அடர்மணலையும் தளர்மணல் என்று கணக்கு முடிவு கட்டும்.

மூன்றாவது காரணம் காற்று. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் மண் முழுக்க நீரால் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிறு காற்றுக் குமிழிகள் மிஞ்சினால் நீரழுத்தம் ஏறுவது மட்டுப்படும். இதைக் கண்டறிய அழுத்த அலையின் வேகத்தை அளக்கலாம். முழுக்க நிறைந்த மண்ணில் அது நொடிக்கு 1500 மீட்டரை ஒட்டி இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே ஓரிரு மீட்டருக்கு அதைவிட வெகுவாகக் குறைந்தால், அந்தப் பகுதியின் எதிர்ப்பைக் கணக்கு குறைத்து மதிப்பிட்டிருக்கிறது. இரண்டு துளைகளுக்கு இடையே இதை அளக்கச் செலவு அதிகமில்லை, ஆனால் நகர வரைபடப் பணிகளில் அபூர்வமாகவே செய்கிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரு நம்பிக்கையும் உடைந்தது. ஒருமுறை திரவமான மணல் இறுகிவிடும், மறுமுறை ஆபத்தில்லை என்று பலர் நினைப்பதுண்டு. ஏவான்சைடில் ஆராயப்பட்ட ஓரிடம் இந்தத் தொடரில் குறைந்தது 10 முறை திரவமானது. 2016 பிப்ரவரி 14 அன்று வந்த 5.7 அளவு நிலநடுக்கத்திலும் கிழக்கில் மீண்டும் மணல் ஊற்றுகள் தோன்றின. வெளியேறும் நீர் மேலடுக்கைத் தளர்த்தியே விட்டுச்செல்கிறது. முந்தைய சேதத்தைக் கடன் தீர்ந்த கணக்காக எந்த வரைபடமும் கழிக்கக் கூடாது.

ஆற்றோரம் தனிக் கணக்கு

ஏவான் கரையில் தரை ஆற்றை நோக்கி நகர்ந்தது. கரையோரத்தில் ஒரு மீட்டருக்கும் மேலான நகர்வுகள் பதிவாயின. பாலங்களின் முனைத்தாங்கிகள் உள்நோக்கித் தள்ளப்பட்டுச் சாய்ந்தன. செங்குத்து இறக்கத்தை மட்டும் கூட்டும் எந்தக் குறியீட்டெண்ணும் இதைப் பிடிக்காது. கரை, வாய்க்கால், தோண்டிய குளம் என எந்தத் திறந்த முகத்திலிருந்தும் உள்ள தூரம், முகத்தின் உயரம், திரவமாகும் அடுக்கு தொடர்ச்சியாக அந்த முகம் வரை செல்கிறதா என்ற மூன்றையும் வைத்துத் தனி அடுக்காக வரைய வேண்டும். கரையிலிருந்து 200 மீட்டர் வரை பார்ப்பது குறைந்தபட்சம். நிலத்தடிக் குழாய்களுக்கு இதுவே மிகக் கொடிய பகுதி. நகரத்தில் பழைய மண்குழாய்களும் கல்நார்ச் சிமெண்ட் குழாய்களும் உடைந்தன, பாலிஎதிலீன் குழாய்கள் பெரும்பாலும் வளைந்துகொடுத்துப் பிழைத்தன. சாய்வை நம்பி ஓடும் கழிவுநீர்க் குழாய்கள் உடையாமலே பயனற்றுப் போயின, தரை தாழ்ந்ததில் சாய்வே தலைகீழானது. அதனால் கிழக்கின் சில பகுதிகளில் அழுத்தக் குழாய் முறையும் வெற்றிட முறையும் பின்னர் அமைக்கப்பட்டன.

வரைபடம் முடிவானபோது

2011 ஜூன் 23 அன்று அரசு முதல் 'சிவப்பு மண்டலத்தை' அறிவித்தது. முடிவில் மலைப்பகுதி உட்பட சுமார் 8,000 குடியிருப்பு மனைகள் விலைக்கு வாங்கப்பட்டுக் காலியாயின. மனைக்கு மனை மண்ணைச் செப்பனிட்டுப் பயனில்லாத அளவுக்குப் பகுதி முழுவதும் சிதைந்திருந்தது, செப்பனிட நெடுங்காலம் பிடிக்கும் என்பதே அளவுகோல். மீதி இருந்த சமநிலம் அக்டோபரில் மூன்று தொழில்நுட்ப வகைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் வகையில் பெரிய குலுக்கலில் எதிர்பார்க்கும் இறக்கம் 25 மி.மீ.க்குள். இரண்டாவதில் சிறியதில் 50, பெரியதில் 100 மி.மீ. வரை. அதைத் தாண்டினால் மூன்றாவது. அந்த மூன்றாம் வகையில் சுமார் 28,000 வீடுகள். அங்கே கட்ட ஒவ்வொரு மனையிலும் குறைந்தது இரண்டு சோதனைகள், 10 முதல் 15 மீட்டர் வரை.

இந்த வகைப்பாடு அவசரத் தேவைக்கு உருவானது, அந்த வேலையைச் செய்தது. ஆனால் வங்கிகளும் வாங்குபவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை மனையின் நிரந்தரத் தகுதிச் சான்றாக வாசித்தார்கள். மூன்றாம் வகை என்பதன் பொருள் 'மனைக்கேற்ற ஆய்வு இங்கே தேவை' என்பதுதான். ஆய்வுக்குப் பின் அவற்றில் பல மனைகள் சாதாரண அஸ்திவாரத்துக்கே போதும் என்று தேறின. வரைபடத்தின் நிறம் எந்த முடிவுக்குப் பயன்பட வேண்டும், எதற்குக் கூடாது என்று அதன் முகப்பிலேயே எழுதாதபோது வாசிப்பு இப்படித்தான் போகும்.

அஸ்திவாரத் தீர்வுகளும் மண்ணைப் பொறுத்தே வேலை செய்தன. இடித்து இறுக்கிய கல்தூண்கள் சுத்தமான மணலை நன்றாக இறுக்கின. வண்டல் மிகுந்த மண்ணில் அந்த இறுக்கம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. மேல்மண்ணைத் தோண்டி, வலையிட்ட உடைகல் மெத்தையாகத் திரும்ப நிரப்புவதன் நோக்கம் மேலோட்டைத் தடிப்பாக்குவது. இதில் நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும்போது நீரிறைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் குழியின் அடியே கலங்கிவிடும்.

தரவு குறைவான நகரத்தில்

நியூசிலாந்து 2017-இல் நாடு முழுவதற்கும் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கு நிலைகளை வகுக்கிறது: நிலவியல் படங்களை மட்டும் வைத்த அடிப்படை மதிப்பீடு, சில சோதனைகளால் சரிபார்த்தது, பகுதி முழுவதற்கும் விரிவானது, தனிமனைக்கானது. இதில் பின்பற்றத் தக்க நேர்மை ஒன்று உண்டு. தரவு போதாத இடத்துக்குத் 'தீர்மானிக்கப்படவில்லை' என்றே ஒரு வகை. திரவமாதல் 'சாத்தியம்', 'சாத்தியக் குறைவு' என்ற இரண்டே வகை அடிப்படை நிலைக்குப் போதும். ஐந்து நிறம் பூசத் தரவு இல்லாதபோது ஐந்து நிறம் பூசுவது பொய்யான துல்லியம்.

சிபிடி வண்டி எளிதில் கிடைக்காத, எஸ்பிடி ஆழ்துளைப் பதிவுகள் மட்டுமே குவிந்துள்ள நகரங்களிலும் தொடங்கலாம். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 1893 பகுதி 1-இன் 2016 பதிப்பு எளிய திரவமாதல் கணக்குமுறையைப் பின்னிணைப்பாகத் தருகிறது. அடி எண்ணிக்கையை, சுத்தியலின் ஆற்றலில் 60 சதவீதம் கம்பியைச் சென்றடைந்தால் வரும் எண்ணாகச் சரிசெய்வதுதான் இங்கே உயிர்நாடி. கயிற்றை உருளையில் சுற்றி ஆளே இழுத்துவிடும் சுத்தியலும் தானியங்கிச் சுத்தியலும் ஒரே மண்ணில் மிக வேறுபட்ட எண்களைத் தரும். சுத்தியல் வகை எழுதப்படாத பழைய அறிக்கையை அபாயக் கணக்கில் சேர்க்கலாகாது, மண் வகையை அறிய மட்டும் பயன்படுத்தலாம். நீர்மட்டத்துக்குக் கீழே துளையில் நீரை வெளி நீர்மட்டத்துக்கு மேலே நிரப்பி வைக்காமல் கருவியை வெளியே இழுத்தால் அடி மணல் பொங்கித் தளரும், அடி எண்ணிக்கை பொய்யாகக் குறையும். அதே துளையிலிருந்து வந்த மாதிரியில் நுண்துகள் சதவீதம் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

கிறைஸ்ட்சர்ச்சில் எல்லாச் சோதனைகளும் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. அது பின்னர் நாட்டுக்கே பொதுவான நியூசிலாந்து புவித்தொழில்நுட்பத் தரவுத்தளமானது. தனியார் எடுத்த சோதனையும் அதற்குள் வரும், பக்கத்து மனைக்காரரின் பொறியாளர் அதை இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். கட்டட அனுமதிக்குச் சமர்ப்பிக்கும் மண் அறிக்கையை, ஆயத்தொலைவு, துளையின் தரைமட்டம், நீர்மட்டம் பார்த்த தேதி, சுத்தியல் அல்லது கூம்பின் அளவுத்திருத்தச் சான்று ஆகியவற்றோடு மின்வடிவில் தரவேண்டும் என்ற ஒரு விதி போதும், சில ஆண்டுகளில் எந்த நகரமும் இதை அடைந்துவிடலாம். காகிதக் கோப்புகளாகவும் படமாக்கிய பக்கங்களாகவும் கிடக்கும் ஆழ்துளைப் பதிவுகளைத் தட்டச்சு செய்வதில்தான் முதல் ஆண்டுச் செலவில் பெரும்பகுதி போகும். அதற்கு வரவுசெலவில் தனித் தலைப்பு ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.